சாரீரமும் வயதும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி தமிழ் நேயர்களுக்கு முற்றிலும் புதிய இடமன்று. அடுத்துள்ள கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகின்றன. மட்டாஞ்சேரியிலோ, மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைத் தெருக்களில் கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் மலையாளமும் தமிழும் ஒரே காலைப் பொழுதில் காதில் விழும். இத்தனை மொழியினரையும் இரவு நேரத்தில் ஒரே பாயில் உட்கார வைப்பது இசை. கல்யாணத்துக்கு முந்தின இரவு ஹார்மோனியம், தபலா ஆகியவற்றோடு நடைபெறும் சிறு கச்சேரியை இவ்வூரார் 'மெஹ்ஃபில்' என்பர்.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் நாமும் இருந்தோம். பாட வந்தவர் எழுபதைத் தாண்டிய முதியவர். ஊரார் யாவரும் அவரை 'இக்கா' என்றே அழைத்தனர். அவர் பாடத் தொடங்குமுன் ஹார்மோனியக்காரரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். இரண்டு கட்டையில் நின்ற சுருதி ஒரு கட்டைக்கு இறங்கிற்று. முன்பு வளைந்து வளைந்து மேலேறிய ஓரிடத்தில், ஏறாமலே அழகாகத் திரும்பி வந்துவிட்டார். நம் அருகில் அமர்ந்திருந்த தமிழ் இளைஞர் ஒருவர், தம் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவில் பதிந்து வைத்த அதே பாடகரின் அதே பாட்டைக் கைபேசியில் நமக்குக் கேட்கச் செய்து, "ஐயா, இது வேறு, அது வேறு. இவர் பாட்டையே கீழே இறக்கிவிட்டாரே!" என்று குறைபட்டார். அதோடு நின்றிருந்தாலும் தாழ்வில்லை. விருந்து முடியும் வேளையில், பேசிய தொகையை முழுமையாகக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று வீட்டுக்காரர் தம் மைத்துனரிடம் மெல்லக் கேட்டதும் நம் செவியில் விழுந்தது.

பாட்டை இறக்கியது குற்றமா? வயது ஒரு பாடகரின் மேடைக் குரலை என்ன செய்கிறது? இதனை அறிந்துகொண்டாலன்றி அந்த இளைஞருக்கோ வீட்டுக்காரருக்கோ நியாயமான விடை கூற இயலாது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்பதைத் தமிழ் பலவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேசுவதும் கூவுவதும் குரல்; பாடுவதற்கென்று அமைந்தது சாரீரம்; உழைத்து உழைத்துத் தேய்வது தொண்டை. பழைய நூல்களோ வாய்ப்பாட்டை மிடற்றுப்பாடல் என்று கூறின. வயது இம்மூன்றையும் ஒரே வகையாகத் தாக்குவதில்லை என்பதே நாம் இங்கே சொல்லப் புகும் செய்தியின் சாரம்.

குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். ஆடவருக்கு அவை ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளமும், பெண்டிருக்கு 12 முதல் 17 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. நுரையீரலிலிருந்து எழும் காற்று இவற்றைத் திறந்து மூடச் செய்கிறது. இரண்டு கட்டைச் சுருதியில் ஓர் ஆடவர் ஆதார ஸட்ஜத்தில் நிற்கும்போது, இவை வினாடிக்கு ஏறக்குறைய 147 தடவை திறந்து மூடுகின்றன. அதே சுருதியில் தாரஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டால் வினாடிக்கு 440 தடவை. ஒரு கட்டைக்கு இறக்கினால் அதே பஞ்சமத்துக்கு 392 தடவை போதும். வினாடிக்கு நாற்பத்தெட்டு அதிர்வு குறைகிறது. கேட்பவருக்கு இது அற்ப வேறுபாடு. ஹார்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கும் உள்ள தூரம். எழுபது வயதுத் தொண்டைக்கோ இது மாடிப்படியில் கடைசி நாலு படி.

ஏன் அங்ஙனம்? நாண்களைத் தாங்கி நிற்கும் குருத்தெலும்புகள் இளமையில் வளையும் தன்மையுடையவை. நடுவயதிலேயே அவை மெல்ல மெல்ல எலும்பாக இறுகத் தொடங்குகின்றன. நாணுக்குள் இருக்கும் தசை முதுமையில் மெலிகிறது. மெலிந்த நாண்கள் வில் போல் நடுவில் விலகி நிற்பதால் முழுவதும் மூடுவதில்லை. அவ்விடைவெளியில் காற்றுக் கசிந்து, சாரீரத்தில் ஒரு புகைச்சல் கலந்துவிடுகிறது. நாண்களை நனைத்து வைக்கும் சுரப்பிகளும் வற்றுகின்றன. முதிய பாடகர்கள் பாட்டுக்குப் பாட்டு வெந்நீர்ச் செம்பை நாடுவது இதனாலேதான். விலாக்கூடு இறுகி, நுரையீரலின் கொள்ளளவு முப்பது வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. முன்பு ஒரே மூச்சில் பாடிய அடியை இப்போது இரண்டு மூச்சில் பாட நேர்கிறது. எங்கே மூச்சு வாங்குவது என்று தெரிந்த பாடகர் அதனை நம் காதுக்குக் காட்டுவதில்லை, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. நீட்டி நிற்கும் ஸ்வரத்தில் இயல்பாகவே ஒரு சிறு அசைவு இருக்கும்; நல்ல சாரீரத்தில் அது வினாடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை. தசைகள் தளர்ந்தால் அவ்வசைவு மெதுவாகி, அகன்று, நடுக்கமாகக் கேட்கிறது. நம் சங்கீதத்தில் கமகம் கற்ற வித்வான்களுக்கு இங்கே ஓர் அனுகூலம். நடுக்கத்தை அசைவுக்குள் மறைத்துக்கொள்ளும் வித்தை அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. செவியும் வயதில் மந்தமாவதால், தம் குரலையே தாம் சரியாகக் கேளாமல் சுருதி விலகுவோரும் உண்டு.

இங்கே ஒரு விந்தையைக் கூறாமல் இருக்க முடியாது. முதுமையில் ஆடவரின் பேச்சுக் குரல் பெரும்பாலும் தாழ்வதில்லை, மாறாக உயர்கிறது. தாத்தாமார்களின் மெல்லிய கீச்சுக் குரலை நாடகங்களில் பரிகசிப்பது இதனால்தான். நாண் மெலிந்தால், மெல்லிய தந்தியைப் போல அதன் இயல்பான ஒலி உயர்வது இயற்கையே. ஆனால் அதே முதியவர் பாடும்போது சுருதியை இறக்கிக்கொள்கிறார். முரண்பாடாகத் தோன்றும் இது முரண்பாடன்று. பேச்சுக்கு நாண் சும்மா இருந்தால் போதும். தாரஸ்தாயிக்கோ நாணை இழுத்துப் பிடிக்கும் தசைவலிமையும், அடியிலிருந்து தள்ளும் மூச்சும் தேவை. குறைந்தவை அவ்விரண்டுமே. பெண்டிரின் நிலை வேறு. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாற்றங்களால் நாண்களின் மேற்சவ்வு தடித்து, பேச்சும் பாட்டும் ஒருங்கே தாழ்கின்றன. ஆகவே, ஐந்து கட்டையில் மின்னலைப் போல் பாடிய ஒரு பெண்மணி அறுபது வயதில் நான்கிலோ அதற்கும் கீழோ பாடுவதில் வியப்பொன்றுமில்லை.

மட்டாஞ்சேரியின் பாட்டு என்றதும் ஊரார் முதலில் சொல்லும் பெயர் மெஹபூப். 1926இல் பிறந்த அவரை 'பாய்' என்று கொச்சி முழுவதும் அழைத்தது. 'நீலக்குயில்' என்ற 1954ஆம் ஆண்டு மலையாளப் படத்தில் கே. ராகவன் இசையில் அவர் பாடியது நினைவிருப்போர் இன்றும் பலர். ஆனால் அவருடைய வாழ்க்கை இசைத்தட்டுக்குள் அடங்கவில்லை. கல்யாண வீடுகளிலும் நண்பர் கூட்டங்களிலும் இரவிரவாகப் பாடியே கழிந்தது. 1981இல் ஐம்பத்தைந்து வயதில் மறைந்தார். எனவே அவருடைய முதுமைக் குரலை யாரும் கேட்டதில்லை. அவர் பெயரை மட்டாஞ்சேரி சொல்லும்போதெல்லாம் அதில் ஓர் இளமை நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. தமிழிலும் எஸ். ஜி. கிட்டப்பாவை நினைத்துக்கொள்ளலாம், 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்த அவருக்குக் கிழக்குரல் என்று ஒன்று ரசிகர் மனத்தில் இல்லவே இல்லை.

மறுபுறம், நீண்ட ஆயுளோடு பாடியவரையும் இதே ஊர் பெற்றிருக்கிறது. மட்டாஞ்சேரியை ஒட்டிய கோட்டைக் கொச்சியில் 1940 ஜனவரி 10ஆம் நாள் பிறந்தவர் கே. ஜே. யேசுதாஸ். அவருடைய தந்தை அகஸ்டின் ஜோசப் பாகவதர் நாடக மேடையில் பாடி நடித்தவர். ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டியிருந்த பரம்பரை அது. உரத்த மேல்சுருதிதான் அக்காலத்தின் மேடை இலக்கணம். மகனோ மைக்குக்குப் பிறந்தவர். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. அகாதமியில் பயின்று, 1961 நவம்பரில் 'கால்பாடுகள்' என்ற படத்துக்காக எம். பி. ஸ்ரீநிவாசன் இசையில் முதற்பாட்டைப் பதிவு செய்தார். தமிழ் நேயர்கள் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். 1964இல் வெளியான 'பொம்மை' படத்தில் அவர் பாடியதையும், 1985இல் வெளியான 'சிந்துபைரவி'யில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் இருபத்து நாலு வயதின் மெல்லிய பளபளப்பு. பின்னதில் நாற்பத்தைந்து வயதின் கனமும் அடர்த்தியும். ஆடவர் சாரீரத்துக்குப் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட காலமே செழுமையான பருவம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. வயது குரலைக் கெடுக்கும் முன் அதனை வளர்க்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

யேசுதாஸுக்குக் குருவாய் வாய்த்த செம்பை வைத்தியநாத பாகவதரின் கதை இன்னும் பொருத்தமானது. 1896இல் பாலக்காட்டுச் சீமையில் பிறந்த அவருடைய வெண்கலச் சாரீரத்தைப் பற்றி இன்றும் பேசுவர். 1950களின் தொடக்கத்தில் ஒரு கச்சேரியின் நடுவே அவருக்குக் குரலே எழாமற் போயிற்று. பாடகருக்கு இதனைவிடப் பெரிய பேரிடி வேறொன்று உண்டோ? பின்பு குரல் மீண்டது; குருவாயூரப்பனின் அருள் என்று அவரும் அன்பர்களும் நம்பினர். அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடினார். 1974 அக்டோபர் 16ஆம் நாள், எழுபத்தெட்டாவது வயதில், ஒற்றப்பாலத்தில் ஒரு கோயிலில் கச்சேரி செய்தபின் அன்றே உயிர் நீத்தார். செம்மங்குடி சீனிவாச ஐயரைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். இனிமைக்குப் பேர்போன சாரீரமன்று அவருடையது. சற்றுக் கரகரப்பும் மூக்கொலியும் உடையது. அதனை உழைப்பால் பண்படுத்தியவர் தொண்ணூறைக் கடந்தும் மேடையேறினார். தொடக்கத்திலேயே தம் தொண்டையின் குறைகளைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பாட்டை அமைத்துக்கொண்டவருக்கு, முதுமை புதிய பகைவனாக வரவில்லை.

நம் சங்கீதத்தின் ஒரு பெருமை இங்கே வெளிப்படுகிறது. ஸட்ஜம் என்பது இன்ன அதிர்வு என்று நம்மிடம் கட்டளை ஏதும் இல்லை. பாடுபவருக்கு எது வசதியோ அதுவே ஸட்ஜம். எனவே கர்நாடக வித்வான் அரைக் கட்டை இறக்கிக்கொண்டால் அதனை யாரும் கவனிப்பதும் இல்லை, குறைசொல்வதும் இல்லை. மேனாட்டு இசைநாடகங்களிலோ சுருதி எழுத்தில் கட்டுண்டது. அங்கே முதியவருக்குள்ள வழி, பாட்டை இறக்குவதன்று; பாத்திரத்தையே மாற்றிக்கொள்வது. ஸ்பெயின் நாட்டுப் பாடகர் பிளாசிடோ டொமிங்கோ 2009 முதல், மேல்குரல் நாயக வேடங்களை விடுத்து இடைக்குரல் வேடங்களை ஏற்கத் தொடங்கியது இவ்வகையைச் சேர்ந்ததே.

இளைஞர்கள் இந்நாளில் பெரிதும் விரும்பும் 'ஹெவி மெட்டல்' என்னும் கடுமின்சார இசையில் இச்சிக்கல் உச்சத்தை எட்டுகிறது. அவ்விசையில் பாடகர் கிதார்களின் பேரோசையை ஊடுருவிக் கூவ வேண்டும்; சிலர் குரல் நாண்களுக்கு மேலே உள்ள போலி நாண்களையும் சேர்த்து உரசி உறுமுகின்றனர். இருபது வயதில் பதிவுசெய்த கூவலை அறுபது வயதில் மாலைதோறும் கூவு என்று ரசிகர் கேட்கின்றனர். 'அயர்ன் மெய்டன்' குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1958இல் பிறந்தவர். 2015இல் நாவின் அடியில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, மறு ஆண்டே மேடைக்குத் திரும்பினார். அக்குழு 2007இல் பெங்களூரில் பாடியபோது நேரில் கேட்ட நேயர்களும் இருக்கக்கூடும். இதே மரபின் முன்னோடிகளான 'டீப் பர்ப்பிள்' குழுவின் இயன் கில்லன் பாடி 1970இல் வெளியான ஒரு புகழ்பெற்ற பாட்டில் மிகமிக உயர்ந்த கூவல்கள் வருகின்றன. அந்தப் பாட்டை இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் மேடையிலிருந்தே விலக்கிவிட்டார். அரைகுறையாய்ப் பாடுவதிலும் பாடாதிருப்பது மேல் என்பது அவர் கொண்ட வழி. ஓஸி ஆஸ்பர்னோ வேறு வழி கண்டார். நோயால் நிற்க இயலாத நிலையில், 2025 ஜூலை 5ஆம் நாள் தாம் பிறந்த பர்மிங்காம் நகரில் அரியணை போன்ற ஆசனத்தில் அமர்ந்தே கடைசிக் கச்சேரியைப் பாடினார். பதினேழு நாட்களுக்குப் பின் காலமானார். அன்று கூடியிருந்தோர் அவர் எத்தனை கட்டையில் பாடினார் என்று கேட்கவில்லை.

நம் இளைஞர் கேட்டதற்குக் காரணம் அவர் கையிலிருந்த ஒலிப்பதிவு. 1902இல் இந்தியாவில் முதன்முதல் இசைத்தட்டுகள் பதிவாகுமுன், பாடகரும் ரசிகரும் ஒன்றாகவே முதுமை அடைந்தனர்; இருபது ஆண்டுக்கு முந்தின குரலை இன்றைய குரலோடு நிறுத்துப் பார்க்கத் தராசு எவரிடமும் இல்லை. இப்போது தராசு எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. சினிமாப் பாட்டின் இடர் இதனால் இரட்டிப்பாகிறது. பாட்டோடு வாத்தியக் கோவையும் இன்ன சுருதி என்று நம் காதில் அச்சாகிப் போய்விட்டது. அதனை அரைக் கட்டை இறக்கினாலும் ஏதோ மழுங்கியது போலத் தோன்றும். ஏன் என்று கேட்பவருக்கே தெரியாது.

ஒலிப்பதிவை நம்பி மேடையை எடைபோடுவதில் மற்றொரு பிழையும் இருக்கிறது. எர்ணாகுளத்தில் 1944இல் பிறந்து 2025 ஜனவரியில் மறைந்த பி. ஜெயச்சந்திரனை அறியாத தமிழர் இல்லை; 'வைதேகி காத்திருந்தாள்' நாட்களை நினைத்தால் போதும். அவரும், வேலூரில் பிறந்த நம் வாணி ஜெயராமும் சேர்ந்து '1983' என்ற மலையாளப் படத்துக்குப் பாடிய பாட்டு 2014இல் வெளிவந்தது. இருவரும் எழுபதை ஒட்டிய வயதினர். கேட்டால் இருபது வயதுப் பிள்ளைகள் பாடுவது போல இருக்கிறது! அதனை அறிந்து நாம் வியந்தோம், மகிழ்ந்தோம். ஆயினும் பதிவுக் கூடத்தில் ஓர் அடியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பாடலாம், மூச்சு வாங்கலாம், மைக்கின் அருகே மெல்லக் கொஞ்சலாம் என்பதையும் மறத்தலாகாது. மேடையில் இரண்டு மணி நேரம், முதல் பாட்டின் களைப்பைச் சுமந்துகொண்டே இருபதாவது பாட்டைப் பாடியாக வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பது ஒவ்வொருவரும் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1997இல் கணவர் சதாசிவம் மறைந்தபின் பொது மேடையில் பாடுவதை விட்டார். அங்கே காரணம் தொண்டையன்று. எஸ். ஜானகி 2017இல் எழுபத்தொன்பது வயதில் மைசூரில் ஒரு கச்சேரி பாடி, இதுவே கடைசி என்று அறிவித்து ஒதுங்கினார். புகழும் பொருளும் பெற்றவர்கள் இவ்வாறு முடிவு செய்ய இயலும். கல்யாண வீட்டுப் பாட்டே அடுப்பில் உலை வைப்பதாக இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? அவர் செய்யக்கூடியது ஒன்றே. சுருதியை இறக்கலாம், எட்டாத ஸங்கதியை விட்டு, எட்டும் ஸங்கதியை இழைக்கலாம், சொல்லை முன்னிலும் தெளிவாகச் சொல்லலாம், மேல்ஸ்தாயியைத் தபலாவுக்கும் ஹார்மோனியத்துக்கும் விட்டுக்கொடுக்கலாம். அன்று இரவு அந்த முதியவர் செய்தது அவ்வளவும்தான். அவர் சுருதியை இறக்காமல் பிடிவாதமாகப் பழைய கட்டையிலேயே நின்று, பஞ்சமத்தில் குரல் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் இளைஞரிடம் கேட்டோம். அவர் கைபேசியை அணைத்துப் பையில் வைத்தார், பதிலேதும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் பேசுவது நமக்குச் சங்கடமாகவே இருந்தது. விருந்தினராய்ப் போன இடத்தில் பணப்பேச்சு முறையன்று. ஆயினும் மைத்துனர் நமக்குப் பழக்கமானவராதலால், மாடிப்படியருகே நிறுத்தி, மேலே சொன்ன நாற்பத்தெட்டு அதிர்வுக் கணக்கை அவருக்கு விளக்கினோம். அவர் மரவியாபாரி. மரத்தின் வயதை வளையத்தில் எண்ணுகிறவர், கேட்டுவிட்டுச் சிரித்தார். சற்று நேரத்தில் உள்ளே போய்த் திரும்பி வந்தவர் கையில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று பேசியபடி முழுத் தொகை. மற்றொன்று ஹார்மோனியக்காரருக்குத் தனியாக.

படியிறங்கும்போது முதியவரிடம் நாம் உடல்நலம் விசாரித்தோம். அடுத்த மாதம் ஆலப்புழையில் ஒரு கல்யாணம் இருப்பதாகவும், அங்கே திறந்த வெளி என்பதால் இன்னும் அரைக் கட்டை இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஹார்மோனியக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டதாகவும் கூறி, வெந்நீர்க் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்.